கரவனுக்குப் புதுச் சில்லுகள்

இஞ்சாருங்கோ,

கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. குருநகர்ச் சேமக்காலையில் உங்கள் பெயரைக் கல்லறைக் கல்லில் பொறித்த அன்று அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு ஆளைக் கூப்பிட்டது போல இருந்தது. அதனால் இந்தக் கடிதத்திலும் பழையபடியே கூப்பிடுகிறேன்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். நான் மடு மாதா திருவிழாவுக்குப் போய் வந்துவிட்டேன். உங்கள் கரவனில்தான் போனேன். நானே ஓட்டினேன்.

மயிலிட்டியில் யாரோ ஜெர்மனிக்காரர் விட்டுப்போன அந்தச் சக்கர வீட்டை, உப்புக்காற்றில் உக்கிக் கிடந்த நிலையில் நீங்கள் இழுத்து வந்தபோது, "உதை வைச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன். "உன்ரை பள்ளிக்கூட வானுக்குப் பின்னாலை கொளுவி மடுவுக்குப் போவம். இந்த முறை கூடாரம் அடிச்சு மண்ணிலை படுக்கத் தேவையில்லை" என்றீர்கள். கடலுக்குப் போகாத நாளெல்லாம் அதற்குள்ளேயே இருந்தீர்கள். பாலை மரத்தில் இரண்டு கட்டில், இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி. டயர்களுக்குக்கூடக் கறுப்பு மை பூசி மினுக்கி வைத்தீர்கள். மாரி முடியட்டும், போவோம் என்றிருந்தோம். மாரி முடிவதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

அதன் பிறகு கரவன் முற்றத்திலேயே நின்றது. ஒஸ்லோவிலிருந்து மகள் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, "வித்துப்போடுங்கோ அம்மா, தனிய அதை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?" என்பாள். ஒருவர் பார்க்கவும் வந்தார். கதவைத் திறந்து, உங்கள் கட்டிலில் சப்பாத்தோடு காலைத் தூக்கிப் போட்டுப் படுத்துப் பார்த்தார். விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது, உண்மையிலேயே அந்த எண்ணம் இல்லை என்று.

ஆடி பிறந்ததும் ஒருநாள் காலை கரவனை வானில் கொளுவி, ஓட்டிப் பார்ப்போம் என்று பருத்தித்துறை வீதியில் புறப்பட்டேன். எத்தனையோ வருடம் பள்ளிக்கூட வான் ஓட்டியவள்தானே, என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். புத்தூரை நெருங்கக் கொஞ்சம் வேகம் கூட்டினேன். பின்னால் கரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. மெதுவாக ஆடியது, பிறகு வானையே பிடித்து இழுத்தது. எதிரே ஒரு பஸ். பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்தேன். எப்படி நின்றது என்று இன்னும் தெரியவில்லை. இறங்கி டயரில் கை வைத்தேன், சுட்டது. வெங்காயத் தோட்டத்து வரம்பில் குந்தி இருந்து அழுதேன். பயத்தில் அல்ல. "என்னப்பா நடந்தது?" என்று கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று.

ஊர்ந்து ஊர்ந்து திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு டயர் கடைக்கு வந்து சேர்ந்தேன். முதலாளி குனிந்து பார்த்தார்.

"ரயருக்கு ஒண்டுமில்லை அன்ரி. வரி ஒண்டும் தேயேல்லை. காத்துத்தான் குறைவு."

"ஒருக்கால் கழட்டிப் பாருங்கோ தம்பி."

கழற்றி மையைத் துடைத்தபோது பக்கமெல்லாம் பல்லி முட்டை ஓடு போல வெடிப்பு. பக்கத்தில் அடித்திருந்த இலக்கத்தைப் பார்த்து, எந்த வருடம் செய்தது என்று சொன்னார். மகளின் கல்யாணத்துக்கும் முந்தின வருடம். ஓடாமலே நின்று கிழண்டு போயிருக்கிறது. டயர் மாட்டியிருந்த இரும்பு றிம்மை ஒளியில் பிடித்தார். நட் இறுக்கும் துளையைச் சுற்றித் துருவுக்குள் மயிர் போல ஒரு கீறல்.

"நான் சொன்னது பிழை அன்ரி. உதோடை நீங்கள் மடுவுக்குப் போயிருந்தால்…" என்று சொல்லி, றிம்மை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்.

அவரிடம் கார் டயர் இருந்தது. அளவும் சரி, மலிவும்கூட. ஆனால் கார் டயரின் பக்கம் மெல்லியது, கரவனின் பாரத்துக்கு நெளியும், மறுபடியும் வால் ஆட்டும் என்று இரண்டு பேருமாகக் கதைத்து அதை ஒதுக்கினோம். பாரம் தாங்கும் தடித்த டயர் வேண்டும். அதற்கு முதலில் பாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். உங்களிடம் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி. அவர் இரவலாகத் தந்த சில்லுகளில், பக்கத்துப் பழைய இரும்புக் கடையின் லொறித் தராசுக்குக் கொண்டுபோய் நிறுத்தோம். சில்லுகளைப் பூட்டும் அச்சிலுள்ள தகட்டில் போட்டிருந்த எல்லையைவிட நிறை நன்றாகக் கூடுதல்.

"அப்ப இன்னும் தடிச்ச ரயராய்ப் போடுவம்" என்றேன்.

"ரயர் தாங்கும் அன்ரி. அச்சுத் தாங்காது. உள்ளுக்கை இருக்கிற பாரத்தைத்தான் குறைக்க வேணும்."

அன்று பின்னேரம் உங்கள் தம்பி யூட் வந்தான். இரும்பு அலமாரியை இறக்கினோம். தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்கினோம், மடுவில் நிரப்பிக்கொள்ளலாம். அப்படியும் போதவில்லை என்று கணக்குச் சொன்னது. யூட் நட் கழற்றும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணி, அண்ணையின்ரை கட்டிலைத்தானே கழட்டிறது?"

"இல்லை. என்ரையைக் கழட்டு."

அவன் என் கட்டிலைக் கழற்றினான். பாலைப் பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வைத்தான். நான் செய்தது சரியா? உங்களுக்குக் கோபமோ? இரண்டில் எது போனாலும் அந்த வீட்டில் ஒருவர்தானே படுக்க இருக்கிறது.

புது றிம் ஒரு சோடி வந்தது. துளைகள் ஒரு நூல் தள்ளி இருந்தன. இறுக்கினால் பிடிக்கும் என்றார் முதலாளி. கிட்டத்தட்டப் பிடித்தால் போதாது என்று திருப்பி அனுப்பச் சொன்னேன். அவருக்கு முகம் கோணியது. ஆனாலும் சரியானது கொழும்பிலிருந்து வரும்வரை பொறுத்திருந்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே டயர், மேலதிகமாக அதே மாதிரி இன்னொன்று, எல்லாம் அண்மையில் செய்தவையாகத் தேடி எடுத்துத் தந்தார். மறுபடியும் தராசில் ஏற்றினோம். இந்த முறை தகட்டுக்குள் அடங்கியது.

மடுவில் கொடியேறிய பிறகு ஒரு விடியலில் புறப்பட்டேன். சாவகச்சேரியில் நிறுத்தி எல்லா நட்டையும் திரும்ப இறுக்கினேன். புதுச் சில்லு ஓட ஓடக் கொஞ்சம் தளரும் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னது சரிதான், ஒன்று கால் சுற்று சுற்றியது. சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியபோது சோளகம் பக்கவாட்டில் அடித்தது. அந்தக் காற்றின் குணம் உங்களுக்குத் தெரியும். புத்தூர் வீதி நினைவுக்கு வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கரவன் ஒரு தரம் சரிந்து, தானாகவே நிமிர்ந்து, என் பின்னால் நேராக வந்தது. பாலம் முடியும் வரை "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் சொற்கள் மாறி உங்களோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன்.

மடுவில் காடு முழுவதும் சனம். ஒவ்வொரு மரத்தின் கீழும் ஒரு குடும்பம், ஒரு அடுப்பு, ஒரு சிரிப்பு. சில்லுகளுக்குக் கல் அணைத்துவிட்டுப் படியில் இருந்து பாண் சாப்பிட்டேன். பக்கத்துக் கூடாரத்துப் பெண் கோப்பையில் தேத்தண்ணியோடு வந்தாள்.

"தனியவோ அக்கா வந்தனீங்கள்?"

நீங்கள் போனதிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொன்னதில்லை. தம்பி வருவான், மகள் வரப்போகிறாள் என்று ஏதாவது சொல்லி மழுப்புவேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "தனியத்தான்."

சொன்ன பிறகு காது அடைத்தது போல இருந்தது. அவள் கோப்பையை என் கையில் தந்தாள். கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி, படியில் என் பக்கத்தில் இருந்தாள். தேத்தண்ணி முடியும் வரை இருந்தாள். பிறகு அவளைப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அடுத்தது திருகோணமலைக் கடல் பார்க்கப் போகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எங்கே போனாலும் டயர்க் காற்றை நானே பார்ப்பேன், நட்டை நானே இறுக்குவேன், பளபளப்பைப் பார்த்து எதையும் நம்ப மாட்டேன். அவசரப்பட்டு உங்களிடம் வந்து சேர மாட்டேன். தனியாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத் திரும்பி வருவேன்.

இன்னும் உங்களின்,
பெண்சாதி ஜசிந்தா