இந்த வீட்டில் எத்தனை பேர்

12 ஏப்ரல் 2016, பானவேஜிஸ்

வருமானக் கணக்கெடுப்புக்கு அல்டோனா என்ற அம்மாள் வந்தார். நான்கு வருடம் இதே வீட்டுக்கு வருவாராம். ஐரோப்பா முழுக்க இதே கேள்விகளாம்.

"வீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர், ஒரு பூனை. அதுல பூனைக்கு மட்டும்தான் ஒரு குறையும் இல்ல" என்றான் என் வீட்டுக்காரன் ரிமாஸ். அவன் சுட்ட உருளைக்கிழங்கு அடையைச் சாப்பிட்டுவிட்டு, 'வருமானத்தில் சமாளிப்பது கஷ்டம்' என்று பதிந்துகொண்டு போனார்.

3 அக்டோபர் 2016

பஸ் பட்டறையை மூடிவிட்டார்கள். ரிமாஸ் நார்வேயில் மீன் ஆலைக்குப் போகிறான். ஒரே வருஷம்தானாம். சரி என்றேன்.

25 ஏப்ரல் 2017

அல்டோனா கேட்பது எப்போதும் போன வருடத்து வருமானத்தை. அதனால் அவர் கணக்கில் நாங்கள் இறங்கியிருக்கிறோம். வீட்டிலோ துணி துவைக்கும் புது மெஷின். துவைக்க என் துணி மட்டும்தான்.

21 ஜனவரி 2018

இன்னும் ஒரு வருஷமாம். போனில் மறுபடி சரி என்றேன். ஏன்? வேறு வார்த்தையே வராதா எனக்கு?

17 ஏப்ரல் 2018

"அடேயப்பா, எங்கேயோ போயிட்டீங்களே!" என்றார் அல்டோனா. வருமானம் இரண்டு மடங்கு.

அடுத்த கேள்வி: "அவர் ஆறு மாசத்துக்குள்ள திரும்பி வருவாரா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"வரலைன்னா இந்த வீட்டு ஆளா அவரைச் சேர்க்க முடியாது. விதி அப்படி. அனுப்புற பணத்தை மட்டும் எழுதிக்குவேன்."

பணம் இந்த வீட்டுடையது, அவன் இல்லையா? கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு உடனே போன் செய்தேன்.

"உன்னை எடுத்துடட்டுமான்னு கேக்குறாங்க."

"எதுலேர்ந்து?"

"வீட்லேர்ந்து."

"நீ என்ன சொன்ன, யுராத்தே?"

"நான் என்னத்தைடா சொல்றது! போதும் பணம். வந்துடு." அழுதுவிட்டேன். வா என்று அவனிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

9 ஏப்ரல் 2019

அல்டோனாவின் கடைசி வருகை. ரிமாஸ் போன அக்டோபரிலேயே திரும்பி வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்க்கிற வேலை, சொற்பச் சம்பளம். ஆனால் கேள்வி போன வருடத்தைப் பற்றி என்பதால் அவர் கணினியில் நாங்கள் இன்னும் பணக்காரர்கள்.

"வீட்ல எத்தனை பேர்?" நான் வாய் திறப்பதற்குள் அடுப்பங்கரையிலிருந்து கத்தினான்: "ரெண்டு! பூனை இன்னும் பெருத்துடுச்சு, அதையும் எழுதிக்குங்க!"

"வர்ற வருஷம் வருமானம் ஏறுமா, குறையுமா?"

"குறையும்" என்றேன் சிரித்தபடி.

அல்டோனா கணினியிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"குறையும்னுதானே சொன்னீங்க?"