கண் வைக்காத பேத்தை மீன்

என் அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெண்கள் நாங்கள் நீ அடங்கியிருக்கிற மையவாடிக்கு வருவதில்லை, அதனால் உன் தங்கை நான் இந்த ஸலாமை எழுத்தில் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கதவுக்கு அந்தப் பக்கம் உம்மா நிற்கிறார்.

நாளை ஊர் நூலக மண்டபத்தில் என் ஓவியங்களை வைக்கிறார்கள். எல்லாம் கடலில் கிடக்கிற விசித்திரப் பிராணிகள்தாம், ஒவ்வொன்றும் நம் வீட்டில் ஒருவர். தொட்டால் எரிகிற சொறிமுட்டை நம் உடன்பிறந்த காக்கா. சங்குக்குள் ஒளிகிற நண்டு நான். நீ பேத்தை மீன். கோபிக்காதே! கரைவலை இழுத்து முடிந்ததும், தின்ன உதவாது என்று மணலில் வீசுவார்களே, பந்துபோல் உப்பிக்கொண்டு கிடக்குமே, அதேதான். பயந்தால்தான் அது அப்படி உப்பும்.

நீயும் அப்படித்தானே இருந்தாய்? மார்பில் இருந்த கட்டியை என்னிடம் மட்டும் காட்டினாய். "உம்மாக்குச் சொல்லமாட்டனெண்டு வல்லாஹி சொல்லு" என்றாய். மடச்சி நானும் அப்படியே சத்தியம் செய்தேன். அதன்பிறகு உம்மா, "ஏன் புள்ள இப்படி மெலிஞ்சு போறாய்? ஆசுபத்திரிக்குப் போவம் வா" என்று கூப்பிடும்போதெல்லாம் வீடு அதிரக் கத்தினாய். எட்டு மாதம் நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் போனபோது கைமீறிவிட்டது என்றார்கள்.

சற்றுமுன் அஸர் தொழுதுவிட்டு உம்மா படங்களைப் பார்க்க வந்தார். தொழுகிற வீட்டில் உயிருள்ளதைப் படமாகக் கீறினால் கண் வைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. அதனால் நான் எதற்குமே கண் வைப்பதில்லை. பேத்தையின் கீழே உன் பெயரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது அவளா?"

"ஓம் உம்மா."

"சரியாத்தான் கீறியிருக்காய். இப்படித்தான் ஊதிக்கிட்டு நிண்டாள். என்னில கோவத்தோடயே மவுத்தாப் போயிட்டாள்."

உன் பயம் முழுக்கக் கண்ணில்தான் இருந்தது ராத்தா. அந்தக் கண்ணை விட்டுவிட்டு, எல்லோரும் கண்ட கோபத்தை மட்டும் வரைந்து வைத்திருக்கிறேனே!

"அது கோவமில்ல உம்மா" என்றேன்.

"பின்ன என்ன?"

அறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இப்போது இரண்டாம் தரமும் கேட்டுவிட்டார். "புள்ள, கோவமில்லாட்டி என்னது? சொல்லன்."

சொன்னால் உன்மேல் அவருக்கு இருக்கிற வருத்தம் தீரும். ஆனால் அடுத்து என்ன கேட்பார் என்று உனக்குத் தெரியாதா? "அறிஞ்சிருந்தும் ஏன் சொல்லல்ல?" அதற்கு நான் எந்த முகத்தோடு பதில் சொல்வேன்? அவரிடம் மிஞ்சியிருக்கிற ஒரே மகளை அதன்பிறகு அவர் எப்படிப் பார்ப்பார்?

சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். நானே சமைத்துக் கொடுப்பேன். அந்த எட்டு மாதத்துக்கு என்ன பரிகாரம் என்றுதான் யாரிடமும் கேட்கத் துணிவில்லை.

கதவைத் திறக்கப் போகிறேன். நீ பயந்தாய் என்று சொல்வேன். கட்டி இருந்தது எனக்கு முன்பே தெரியும் என்றும் சொல்வேன். இரண்டையும் சொல்லாமல் இந்த அறைக்குள் திரும்பி வரமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்குப் பின்னால் அதே வயிற்றில் பிறந்த
உன் தங்கச்சி