ஃபேன் ஓடாத வேனும் சாவிக்காரரும்

மார்ச் 4

சாவிக்காரர் இன்றும் வாயைத் திறக்கவில்லை.

இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது ஃபேன் என்று முடிவு செய்யும் இலவச மென்பொருள் எங்களுடையது; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதுகிறவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறோம். யார் எழுதினாலும் அதை மூலப் பிரதியில் சேர்க்கும் சாவி மட்டும் அவர் ஒருவரிடம். ஆரம்பித்தவர் அவர்தான். சரி, ஆரம்பித்தார். அதற்காக?

நான் அனுப்பியது பெரிய வித்தை இல்லை. சூடு பார்க்கும் சென்சாரின் வயர் அறுந்துபோனால், இன்ஜின் ஜில்லென்று இருப்பதாக மென்பொருள் நம்பிவிடுகிறது. ஃபேனைப் போடுவதே இல்லை. வண்டி கொதிக்கும். வயர் அறுந்தால் ஃபேனைப் போட்டுவிடு என்று சில வரிகள், அவ்வளவுதான். எங்கள் மெக்கானிக் பட்டறையில் அண்ணன் காரிலேயே வயரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

மார்ச் 9

பதில் வந்துவிட்டது. "வரிக்கு வரி இடைவெளி சரியில்ல. வயர் ஒழுங்கா இருந்தா இந்தப் பிரச்சினையே வராது."

பல்லைக் கடித்துக்கொண்டு இடைவெளியைச் சரிசெய்து மறுபடி அனுப்பினேன்.

மார்ச் 30

கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறார்.

ஏப்ரல் 17

நடந்தேவிட்டது. ஸ்கூல் வேன் ஓட்டும் அக்காவின் வண்டிக்கு நான்தான் இந்த மென்பொருளை ஏற்றினேன். மூலப் பிரதியை. சாவிக்காரர் சேர்க்காத எதையும் வாடிக்கையாளர் வண்டியில் ஏற்றக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். இன்று சென்சார் வயர் அறுந்து, ஃபேன் ஓடாமல், நடுரோட்டில் கொதித்து நின்றிருக்கிறது. பிள்ளைகளை இறக்கி ஓரமாக நிற்க வைத்திருக்கிறார். யாருக்கும் ஒன்றுமில்லை. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் சூட்டில் வளைந்துவிட்டது.

"உன்னை நம்பித்தானேம்மா விட்டேன்" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

என்னிடம் மருந்து இருந்ததே! கையில் வைத்துக்கொண்டு சாவிக்காரரின் தலையாட்டலுக்காகக் காத்திருந்தேனே. அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ஏப்ரல் 18

நடந்ததை மென்பொருள் எழுதுகிறவர்களின் குழுவில் எழுதினேன். வந்த பதில்களைப் பார்த்துத் தலை சுற்றியது.

"அதுவா? போன வருஷமே என் காப்பியில சரி பண்ணிட்டேனே."

"நானும்தான்."

வேறு ஊரில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் எலெக்ட்ரீஷியன், வயர்க்காரர் என்றுதான் கூப்பிடுவோம், அவரும் சரிசெய்து வைத்திருக்கிறாராம். ஏன் அனுப்பவில்லை என்று போனில் கேட்டேன். "அனுப்பிட்டு அவர்கிட்ட யாரும்மா பாட்டு வாங்குறது?"

அடப் பாவிகளா. ஆளாளுக்கு வீட்டில் குடை வைத்திருக்கிறார்கள், தெருவில் போகிறவன் நனைகிறான்.

ஏப்ரல் 20

நானும் வயர்க்காரரும் இன்னும் சிலரும் பிரிகிறோம். மொத்த மென்பொருளையும் பிரதி எடுத்து, வேறு பெயரில் தனியாக நடத்தப் போகிறோம்.

"தனிக்குடித்தனமா?" என்றான் அண்ணன். "மாமியாரைத் திட்டிட்டுப் போறவ, நாளைக்கு நீயே மாமியார் ஆயிடாதே."

சுருக்கென்று இருந்தது. அதனால்தான் சாவி மூன்று பேரிடம். யார் எழுதினாலும், நானே எழுதினாலும், இன்னொருவர் வண்டியில் போட்டுப் பார்த்த பிறகே சேரும். வந்த திருத்தத்துக்கு ஒரு வாரத்துக்குள் பதில் போயாக வேண்டும். வேண்டாம் என்றாவது சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 23

சாவிக்காரர் குழுவில் வாயைத் திறந்துவிட்டார்! "வீடு கட்டினவன் நான். செங்கல்லை உருவிட்டுப் போறாங்க. ரெண்டு மாசத்துல திரும்பி வருவாங்க, பாருங்க."

நீளமாக எழுதி, அழித்து, கடைசியில் இதை மட்டும் போட்டேன்: "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு வாசல்ல எழுதி வெச்சது நீங்கதான். எடுத்துக்கிட்டோம்."

திரும்பி வருவேனாம். வர மாட்டேன்யா. போய்யா.

மே 11

புதுக் குழுவில் ஆளுக்கொரு நாட்டாமை. மென்பொருள் மெனுவில் எது மேலே வர வேண்டும் என்று இரண்டு பேருக்குள் அடிதடி. சில நேரம் சாவிக்காரர்மேல் பரிதாபம்கூட வருகிறது. உடனே வேன் ஞாபகம் வந்து, பரிதாபம் போய்விடுகிறது.

மே 26

அண்ணனும் நானும் வேனைச் சரிசெய்து முடித்தோம். எங்கள் பிரதியை ஏற்றி, அக்கா முன்னாலேயே சென்சார் வயரைப் பிடுங்கினேன். ஃபேன் சுற்றியது. "ம்" என்றார். இன்னும் முழுசாக நம்பவில்லை. நம்ப வேண்டாம், பார்க்கட்டும்.

ஜூலை 19

சாவிக்காரரிடமிருந்து ஒரு திருத்தம். எங்களுக்கு. வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை. "வயர் அறுந்த வண்டிய ஆஃப் பண்ணினாலும் ஃபேன் ஓடிட்டே இருக்கு. பேட்டரி செத்துரும். சரி பண்ணியிருக்கேன்."

வயர்க்காரர் போன் செய்தார். "கிடக்கட்டும் விடும்மா. உன்னைக் காக்க வெச்ச மனுஷன்தானே. கொஞ்சம் காயட்டும்."

ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் பட்டறைக்குப் போய் அண்ணன் காரில் வயரைப் பிடுங்கி, சாவியைத் திருப்பி ஆஃப் செய்தேன். ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுதிய வரிகள். இதைச் சோதித்துச் சேர்த்தவர் வயர்க்காரர். எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

சாவிக்காரரின் வரிகளைப் போட்டதும் நின்றது.

வந்த அன்றே சேர்த்துவிட்டேன். கீழே "நன்றி" என்றும் எழுதினேன். அதற்கு அவர் பதில் போடவில்லை. போடாவிட்டால் போகட்டும், அடுத்த திருத்தத்தை அனுப்பினால் போதும்.