பழைய தேதி

கந்தவேல் குளிக்கப் போனதும் அமராவதி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வேகவேகமாக எழுதினாள்.

கணவனும் மனைவியுமாகத் துப்பாக்கிக் கடை நடத்துகிறவர்கள். 2006 தேர்தலுக்காக லைசென்ஸ்காரர்கள் அங்கே ஒப்படைத்திருந்த துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்த விவரத்தை, கோவை கலெக்டர் ஆபீசில் சேர்க்க இன்றுதான் கடைசி நாள். கந்தவேலின் தங்கை பிரியாவின் கணவன் அருள்செல்வன் மட்டும் தன்னுடையதை வாங்கவில்லை. அவன் லைசென்சும் போன வாரம் முடிந்துவிட்டது.

"முடியறதுக்கு முந்தியே வாங்கிட்டதா எழுது. மாப்பிள்ளைகிட்ட எப்படி முடியாதுங்கறது?" என்று நேற்று கந்தவேல் கத்தியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

'ஏனுங்க, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. ரிஜிஸ்டரோட கோயமுத்தூர் போறேன். பழைய தேதி போட எனக்குக் கை வரலீங்க. மாப்பிள்ளை வந்தா லைசென்சைப் புதுப்பிச்சுட்டு வரச் சொல்லுங்க. துப்பாக்கி அலமாரிச் சாவி எங்கிட்ட இருக்குது. கோவத்துல சாப்பிடாம இருக்காதீங்க.'

எழுதி முடித்தும் மனசு கேட்கவில்லை. அடியில் நெருக்கி எழுதினாள்:

'காத்தால பிரியா போன் பண்ணுச்சு. துப்பாக்கி வந்ததும் உன்னைச் சுட்டுப்போடுவேன்னு மாப்பிள்ளை மெரட்டறாராம். அண்ணன்கிட்டச் சொல்லாதீங்கன்னு அழுதுச்சு. போற வழியில பல்லடத்துல இறங்கி அதையும் கூட்டிக்கறேன்.'

அவள் படியிறங்கியபோது வாசலில் அருள்செல்வன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"சாவியைக் குடுங்கக்கா" என்று கையை நீட்டினான்.

ஈரத் தலையோடு, கையில் அந்தத் தாளுடன் கந்தவேல் இறங்கி வந்தான்.

"சாவி எங்கிட்ட இருக்குதுங்க மாப்பிள்ளை. குடுக்க மாட்டேன்" என்றான். பிறகு அவளிடம் திரும்பி, "நீ கெளம்பு. பல்லடம் பஸ்ஸு போயிரும்" என்றான்.