அரையும் மூன்றில் ஒன்றும்

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம்தான், அப்பாவின் முதுகுவலி மட்டும் ஷேர் ஆட்டோவில் அவரோடு கேளம்பாக்கம் போய்விட்டுத் திரும்பி வருகிறது. மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலையும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கிறதா, இருக்கிறது என்று நீ சொன்னாலும் நான் முழுசாக நம்புவதில்லை. போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய் என்றுதான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

சத்துணவு அமைப்பாளர் வேலைக்குப் பத்தாவது பாஸ் கேட்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் பெயிலான கணக்குப் பரீட்சையை நான் மறுபடி எழுதப்போவது உனக்குத் தெரியும். டியூஷன் சொல்லித்தரும் ஜெஸ்ஸி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆக ஐந்தில் இரண்டு என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு ஆறில் ஐந்து என்றாள். சின்னப் பெண், இவளுக்கே சரியாகத் தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம். கீழ கீற நம்பர சமமாக்காம கூட்டக் கூடாதுக்கா, அல்லாரும் பண்ற தப்புதான் என்றாள், அதையும் நான் நம்பவில்லை. மறுநாள் நான் சமைக்கும் சத்துணவுக் கூடத்தில் அண்டாவில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து, இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிப் பார்த்தேன். அண்டா நிரம்ப இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. என் விடையான ஐந்தில் இரண்டோ பாதிகூட இல்லை. தண்ணீர் ஊற்ற ஊற்ற அண்டாவில் குறையுமா, நீயே சொல்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். பழைய பத்தாவது கேள்வித்தாளை ஓரத்தில் நான் போட்ட கணக்கோடு சாட்சிக்கென்று பெட்டியில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பின்னம் வந்த இடத்திலெல்லாம் அதே தப்பு. என் பின்னால் உட்கார்ந்த வசுமதிதான் என் பேப்பரைத் தன்னுடையதாக மாற்றி எடுத்துப் பாஸாகிவிட்டாள், அதனால்தான் நான் பெயில் என்று முப்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் முன்பு தன் மகன் பிரவின்குமாருக்கு உன்னைக் கேட்டு வந்தவளையும் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினேன். நீ அழுதுகொண்டே மஸ்கட்டுக்கு விமானம் ஏறினாய். உன்னை அழவைத்தது என் தப்புக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை நாவலூரில் வசுமதி பிளாட்டுக்கே போய் என் தப்பைச் சொல்லிவிட்டேன். பழையபடி என் பேரைச் சொல்லி, இன்னாடி வேண்டா, உன் பேப்பர நான் எட்த்திருந்தா நான் இல்ல பெயிலாயிருப்பேன், இது கூடவா உனக்குத் தோணல என்று கேட்டாள். அது ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. பையனுக்கு இன்னும் எங்கேயும் கல்யாணம் முடிவாகவில்லையாம். அதோடு விட்டிருந்தால் சரி, காபி கொடுக்கும்போது உனக்கு நைட் டியூட்டி மாறிவிட்டது நல்லதாப் போச்சு என்றாள். எனக்கே போன வாரம்தான் நீ சொன்னாய், அவளுக்கு யார் சொன்னது? வெள்ளிக்கிழமை தோறும் உன் போன் ஒரு மணி நேரம் பிஸியாக இருப்பது எந்தத் தோழியோடு என்று இனிமேல் நான் கேட்கப்போவதில்லை. லீவு என்றைக்கு என்று மட்டும் எழுது, வசுமதி வீட்டில் கல்யாணத்துக்குத் தேதி கேட்கிறார்கள்.

மோரில் வெந்தயம் போட்டுக் குடி, ஏ.சி. காற்று நேராகப் படும்படி படுக்காதே. நீ நினைத்தது நினைத்தபடி நடக்கட்டும், குறுக்கே நிற்க நான் இனி இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
வேண்டா