வெயிலில் இரைந்த ரேடியோ

பெப்ரவரி 8, ஞாயிறு
நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்துவிட்டது. அரிசி, சவர்க்காரம், பாப்பாவுக்குச் செருப்பு. வாங்க வேண்டும்.
இவருக்கு ஃபெக்டரியில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூக்கம். பக்கத்து வீட்டு ஆறுமுகம் மாமாவின் ரேடியோவில் இன்றும் 'கர்ர்' என்று ஒரே இரைச்சல். அதை மீறிக் கேட்க மாமா சத்தத்தைக் கூட்டுகிறார். கண்ணில் புரை, டிவி பார்க்க முடியாது. மத்தியானம் மரண அறிவித்தல் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தோட்டத்து லயத்தில் எல்லாம் வரிசை வீடுகள், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். என்ன செய்ய.

பெப்ரவரி 11, புதன்
மனசு சரியில்லை. இவர் தூக்கத்திலிருந்து எழுந்துபோய் மாமா வாசலில் கத்திவிட்டார்.
"காது செவிடா? சாவப்போற வயசுல ரேடியோ ஒரு கேடா?"
"கூட்டி வச்சாத்தான் தம்பி கொஞ்சமாவது வெளங்குது. புது பேட்டரிதான் போட்டேன்" என்றார் மாமா.
"அப்ப தூக்கிக் குப்பையில போடுங்க!"
எனக்குப் பிரசவ வலி வந்த அன்று மழையில் ஓடி லொறி பிடித்து வந்தவர் மாமா. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பெப்ரவரி 14, சனி
பக்கத்து வீட்டில் பூட்டு. மகள் வந்து ஹாலிஎலயில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாளாம். மாமா எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இவர் நன்றாகத் தூங்கினார்.

பெப்ரவரி 17, செவ்வாய்
வெயில். மேல் லயத்திலும் ரேடியோ இரைகிறது என்று முறையிட்டிருக்கிறார்கள். கரண்ட் ஆட்கள் வந்தார்கள். கூட ஒரு இன்ஜினியர் மிஸ், யாழ்ப்பாணத்துக்காரி.
"மழைக்கு இரைச்சல் குறையுறதோ?" என்று கேட்டார்.
ஆமாம். மழை நாளில் மாமா மெதுவாகத்தான் வைப்பார். நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.
"லயத்துக்கு மேலால போற பெரிய கம்பியிலதான் பிழை. கம்பியத் தாங்குற பீங்கானுக்குப் பக்கத்தில இரும்புப் பூட்டு தளர்ந்துபோச்சு. வெயிலுக்கு அந்த இடைவெளியில பொறி பறக்கும், ரேடியோ இரையும். ஈரம் பட்டா அடங்கிடும். ரேடியோவில ஒரு பிழையும் இல்லை."
இவர் கேட்டுக்கொண்டு நின்றார். முகமே செத்துப்போனது.

பெப்ரவரி 21, சனி
கரண்டை நிறுத்திச் சரிசெய்தார்கள். இவர் ஒரு ரேடியோவை இரவல் வாங்கிவந்து போட்டுப் பார்த்தார். நல்ல வெயில், துளி இரைச்சல் இல்லை. பாதிப் பாட்டிலேயே நிறுத்திவிட்டார்.
"நாளைக்குப் போயி மாமாவ கூட்டிக்கிட்டு வந்துருவோம்."

பெப்ரவரி 22, ஞாயிறு
ஹாலிஎல. வாழைப்பழம், பிஸ்கட் கொண்டுபோனோம். மாமா மெலிந்திருக்கிறார்.
இவர் உட்காரக்கூட இல்லை. "கோளாறு கம்பியிலதான் மாமா. நான்தான் கேவலமா பேசிட்டேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்."
மாமா தடவி இவர் கையைப் பிடித்தார். "தூக்கம் கெட்டா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும். ஆனா லயத்துக் காம்பராவ தோட்டத்துக்கே திருப்பி எழுதிக் குடுத்துட்டேனே தம்பி. நாளைக்கு வேற குடும்பம் வருதாம்."
மகள் தேத்தண்ணி தந்தாள். குடித்தோம்.
திரும்பும்போது பஸ்ஸில் சீட் இருந்தது. இவர் கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்.