சுழற்சியை நிறுத்தும் பொடி

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி டப்பாவைத் திறந்தாள். நாவல்கொட்டை, வெந்தயம், சிறுகுறிஞ்சான். மூன்றும் வறுபட்டு, அரைபட்ட வாசனை. கூண்டுக்குள் எலிகள் மூக்கைத் தூக்கின. நானும்.

உன் வாசனை, அப்பா. நீ செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. திண்டிவனத்தில், நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குள், யாரும் கூப்பிடாமல் வந்து நிற்கிறாய்.

"மேடம், இதைத்தான் எத்தனாலில் ஊறவைக்கப் போறேன்" என்றாள்.

எலிகளுக்கு முதலில் நாங்களே ஊசி போட்டுச் சர்க்கரை நோயை வரவழைப்போம். பிறகு இந்தச் சாற்றைப் புகட்டுவோம். சர்க்கரை குறைந்தது என்று கட்டுரை எழுதுவோம். கட்டுரை வந்ததும் எல்லோரும் மறந்துவிடுவோம், எலி உட்பட. எங்கள் துறையில் பாதிப்பேர் பட்டம் வாங்கிய வழி இது. நீ எலியை விட்டுவிட்டு நேராக மனிதர்களுக்கே கொடுத்தாய். உனக்கு எத்தனால் தெரியாது. வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

"பொடி வித்துத்தான்டி உங்கப்பா உன்னப் படிக்கவச்சாரு" என்று அம்மா இன்றும் என்னிடம் சொல்கிறாள். யார் மறுத்தார்கள்.

அப்போது நான் முதுகலை முதலாண்டு. மனித உடலின் வளர்சிதை மாற்றம் ஒரு தாள். பேராசிரியர் குறிப்பு சொல்வார், நாங்கள் எழுதுவோம். அவருக்கும் புரியவில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது. விழுப்புரத்தில் நம் வீட்டுச் சுவரில் சிட்ரிக் அமிலச் சுழற்சியைப் பெரிதாக வரைந்து ஒட்டினேன். சோறும் எண்ணெயும் கடைசியில் வந்து எரிகிற அடுப்பு அது. ஒரு வட்டம், சுற்றிலும் அம்புகள். நீ அதன் முன்னால் வெகுநேரம் நின்றாய். போனில் படம் எடுத்தாய். மகள் படிப்பில் அக்கறை என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படியெல்லாம் நினைக்கத் தோன்றும்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூரில் உன் கடைக்குச் சாப்பாடு எடுத்து வந்தேன். தேங்காய்க் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் புதிய ஃப்ளெக்ஸ். அதில் என் வட்டம், என் கையெழுத்து. நடுவில் உன் முகம். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.

"பாருங்கம்மா, ரத்தத்துல சர்க்கரை இப்டித்தான் சுத்திக்கினே கெடக்குது. சுத்திச் சுத்திக் கண்ணத் துன்னும், கிட்னியத் துன்னும். நம்ம பொடி உள்ள போச்சின்னா, இதோ, இந்த எடத்துல புடிச்சி நிறுத்திடும்."

குச்சியால், வட்டத்தில் நான் எழுதியிருந்த சக்சினேட் என்ற அமிலத்தின் தலையில் தட்டினாய்.

கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து சொன்னேன். "யப்பா, அந்த எடத்துல நிறுத்தினா சர்க்கரை நிக்காது. ஆளே நின்னுடுவான்."

"அப்ப எந்த எடத்துலதான் நிறுத்தறது? நீயே சொல்லேன்."

"எந்த எடத்துலயும் நிறுத்தக் கூடாது."

"அப்புறம் இன்னாத்துக்கு பாப்பா அத்தினி அம்பு போட்டு வச்ச?"

வளையல்காரர் சிரித்தார். "படிச்ச பொண்ணு வியாபாரத்துல பேஜாரு பண்ணுதுப்பா."

நீயும் சிரித்தாய். அடுத்த கூட்டத்துக்கு அதே இடத்தில் தட்டினாய், முன்னைவிடப் பலமாக.

அன்று உன்னை வகைப்படுத்தி முடித்தேன். மோசடிக்காரன். வகைப்படுத்தியதும் நிம்மதியாக இருந்தது.

உனக்கே சர்க்கரை இருந்தது. மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போவாய், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பொடி வாங்குகிறவர்கள் யாரும் பார்த்துவிடாதபடி. குப்பைக்கூடையில் மெட்பார்மின் அட்டைகள், ஒவ்வொரு குழியும் காலி. ஊருக்குப் பொடி, உனக்கு மாத்திரை. அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. தான் மட்டும் பிழைக்கத் தெரிந்த அயோக்கியன். அப்படி ஒருவனை வெறுப்பது சுலபம்.

பிறகு செருப்பைத் துளைத்து ஆணி ஏறியது. உனக்குத் தெரியவில்லை. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு எப்போதோ செத்திருந்தது. சமையலறை வரை சிவப்பாகக் கால்தடம். அம்மா துடைத்துக்கொண்டே, "இன்னாங்க இது, குங்குமம் கொட்டிட்டீங்களா?" என்றாள்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி அதில் தெரியும். உன்னைப் பார்த்தார். "மாத்திரையே போடலையா?"

"போடறாரு. நான் பார்த்திருக்கேன். அட்டையெல்லாம் காலி" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கடி போட்டாரு? மிக்சியில இல்ல போட்டாரு!"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்தபடி, ஏதோ நல்ல காரியம் வெளியே தெரிந்துவிட்டதுபோல வெட்கப்பட்டாய்.

"சனங்களுக்குக் கேக்கணும் இல்ல பாப்பா? வெறும் நாவக்கொட்டை எப்டி கேக்கும்?"

"அப்ப நீ?"

"நானும் அதைத்தான துன்னேன். பொடியிலதான் மாத்திரை இருக்குதே. தனியா வேற இன்னாத்துக்கு?"

ஒரு மாத மாத்திரையை ஓர் அண்டாப் பொடியில் கலந்தால் ஒரு கரண்டிக்கு என்ன வரும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடுகிற வகுத்தல். உன் கல்லீரல் ராத்திரி முழுக்கச் சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. அதை அடக்க வேண்டிய மருந்து ஊர் ஊராகத் தூசியாகப் போய்க்கொண்டிருந்தது. வாங்கியவர்களுக்கும் உதவவில்லை. உனக்கும் உதவவில்லை.

திருடனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாய். தியாகியாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லவாவது முடியும். நீ இரண்டும் இல்லை. பொடியில் ஒன்றுமில்லை என்று தெரிந்து மாத்திரையைச் சேர்த்தாய். சேர்த்த பிறகு, வந்தவர்களிடம் சொன்ன பேச்சை நீயே நம்பிவிட்டாய். உன்னிடம் கடைசியாக ஏமாந்தவன் நீ. இதற்கு எங்கள் பாடத்தில் பெயர் இல்லை. மடத்தனம் என்று சொல்லலாம்.

காலை எடுத்தார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. பிறகு நீ இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள், "எத்தினி பேரக் காப்பாத்தின மனுஷன்" என்றார்கள். ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். "ரெண்டு டப்பா இருந்தா எடுத்து வையிம்மா. ஜல்தி இல்ல, காரியம் முடியட்டும்." உனக்கு ஏற்ற கூட்டம்.

போன மாதம் காணை கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். கரும்பு போடுகிறவர். இடது கால் கட்டைவிரலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. ஓரத்தில் கறுப்பு. நாற்றம் வாசலிலேயே தெரிந்தது.

"உங்கப்பா பொடி ஒண்ணுதாம்மா எனக்குக் கேட்டுது. இருக்குதா?"

உட்காரவைத்தேன். எல்லாம் சொன்னேன். சர்க்கரை நரம்பை என்ன செய்யும், ரத்தக்குழாயை என்ன செய்யும், கிருமி எப்படி மேலே ஏறும். படித்ததைச் சுத்தமாக, ஒரு பொய்யும் கலக்காமல். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. விட்டா காலை எடுப்பாங்க. எங்கப்பாவுக்கு எடுத்தாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உங்கப்பா சொன்னா பயம் போவும். நீ சொன்னா பயம் வருது. நான் வர்றேம்மா."

படி இறங்கினார். அந்தக் காலோடு கரும்புக்கொல்லைக்குத்தான் போவார் என்று தெரிந்தது. தண்ணீர் கட்டுவார். சேற்றில் நிற்பார். என் படிப்பு முழுவதும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது என் வாயிலிருந்து நீ பேசினாய்.

"அட, எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க. இன்னாத்துக்கு பயம்? நான் இருக்கேன் இல்ல? இதவிட மோசமா வந்தவங்க எல்லாம் இன்னிக்கு ஏரோட்டிக்கினு இருக்கறாங்க. மருந்து கட்டிக்கினு வந்துடலாம். வண்டில ஏறுங்க, நானே கூட்டிக்கினு போறேன்."

தோளில் தட்டினேன். உன்னைப்போல, ஒரு தடவை அதிகமாக. அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஏரோட்டும் யாரையும் எனக்குத் தெரியாது. பரீட்சையில் எழுதினால் பூஜ்யம் போடுவார்கள்.

அவர் சிரித்தார். "இப்பத்தான் அவரு பொண்ணாட்டம் பேசற." என் ஸ்கூட்டியில் ஏறினார்.

விரல் போயிற்று. கால் இருக்கிறது. மாத்திரையை முழுதாக விழுங்குகிறார். விழுங்கிவிட்டுத் தண்ணீரையும் குடிக்கிறாரா என்று அவர் மருமகளிடம் போனில் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் சொல்வதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் மேல் மரியாதை வர இன்னும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை. உன் வாயை மட்டும் எடுத்துக்கொண்டேன். வகுப்பில் அது திறக்காமல் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் முடிவதில்லை.

நேற்றும் ஒருவர் வந்தார். மரக்காணம் பக்கம். பொடி இல்லை, இனி வராது என்றேன். முகம் விழுந்தது. எழுந்துகொள்ளக் கையை ஊன்றினார்.

"உக்காருங்கண்ணே" என்றேன். "இன்னாத்துக்கு பயம்?"